பாடத்தில் தாமதிக்கும் பிள்ளைகளும் பெற்றோரின் பொறுமையும்

(தலயாத்திரையாக வந்த சமணக் குடும்பங்கள் வைகை அணைப் பூங்காவில் கூடியபோது நிகழ்த்தப்பெற்ற உரை)

  

உத்தமபாளையத்துத் திருக்குணகிரிப் பாறையில் செதுக்கப்பெற்றுள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கிவிட்டு, யாத்திரையினர் இந்த வைகைக் கரைக்கு வந்து சேர்ந்துள்ளனர். அத்திருவுருவங்களின் அருகே வட்டெழுத்தில் சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சணந்தி அடிகளின் பெயர் அவற்றுள் ஒன்று. மதுரைச் சமணர்மலையிலும் கழுகுமலையிலும் உள்ள கல்வெட்டுகளைப் படிப்போர் ஒரு செய்தியைக் காண்பர். திருவுருவம் செய்வித்தவர் பலர், இன்ன ஆசிரியரின் மாணாக்கர் என்றே தம்மை அறிமுகம் செய்துகொள்கின்றனர். செல்வத்தையும் பட்டத்தையும் காட்டிலும், யாரிடம் கற்றோம் என்பதே கல்லில் எழுதத் தக்க பெருமை என்று அவர்கள் எண்ணினர். சமண முனிவர் தங்கிய இடத்துக்கு வழங்கிய ‘பள்ளி’ என்னும் சொல்லே பின்னாளில் கல்விச்சாலைக்கும் பெயராயிற்று என்பர் அறிஞர்.

அத்தகைய மரபில் வந்த இல்லங்களில் இன்று மாலைதோறும் ஒரு சிறு போர் நடக்கிறது. பத்து நிமிடத்தில் முடியக்கூடிய பாடம் ஒரு மணி நேரம் நீள்கிறது. பிள்ளை பென்சிலைச் சீவுகிறான். சீவிய பென்சிலை மீண்டும் சீவுகிறான். தண்ணீர் குடிக்க எழுந்து போகிறாள்; வரும் வழியில் சன்னலில் நின்றுவிடுகிறாள். அழிப்பான் கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடுகிறது. முதலில் கெஞ்சல், பிறகு அதட்டல், இறுதியில் அழுகை. அழுபவர் சில நாள் பிள்ளை. சில நாள் தாய்.

இது சிறிய துன்பம் என்று எவரும் தள்ளிவிடலாகாது. திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் வட்டாரத்துச் சிற்றூர்களை விட்டு வேலையின் பொருட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல. அருகில் ஜினாலயம் இல்லை. ஓதிக் கொடுக்க உபாத்தியாயரும் இல்லை. பள்ளிக்கூடப் பாடத்துக்காவது ஆசிரியர் உண்டு. பஞ்ச நமஸ்காரத்தின் பொருளையும், இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருப்பெயர்களையும், நாலடியாரையும், நன்னூலையும் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு வீட்டைத் தவிர வேறு இடம் இல்லை. வீட்டுப் பாடம் என்றாலே வெறுப்பு என்று பிள்ளையின் நெஞ்சில் பதிந்துவிட்டால், அந்த வெறுப்பு கணக்கோடு நின்றுவிடாது. ஜினவாணியின் மீதும் படியும். எனவே பாடத்தில் தாமதிக்கும் பிள்ளையை எப்படி நடத்துவது என்பது ஒரு வீட்டின் மாலைப் பொழுதைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. ஒரு சிறிய சமூகத்தின் நாளையைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

முனிவர்க்கும் உள்ளது பிள்ளைக்கு இராதா?

‘பிரமாதம்’ என்றால் பேச்சுத் தமிழில் மிக நன்று என்று பொருள். ஆகமத்தில் அதன் பொருள் வேறு: சோர்வு, கவனமின்மை, மறதி. வினை கட்டுவதற்குரிய காரணங்கள் ஐந்தனுள் அதுவும் ஒன்று. ஆதலால் தாமதிக்கும் பிள்ளையைக் கண்டு சமணப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே.

ஆனால் அதே ஆகமம் கூறும் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். குணஸ்தானங்கள் பதினான்கு. மகாவிரதம் ஏற்ற முனிவர் நிற்பது ஆறாம் படி. அதன் பெயரே பிரமத்த விரதம். அனைத்தையும் துறந்தவரிடத்தும் சோர்வு எஞ்சியிருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லும் பெயர் அது. சோர்வற்ற நிலை ஏழாம் படி. முனிவர் அங்கே ஏறினாலும் நெடுநேரம் தங்குவதில்லை. ஓர் அந்தர்முகூர்த்தத்துக்குள் ஆறுக்கு இறங்குவதும் மீண்டும் ஏழுக்கு ஏறுவதுமாக இருப்பர். முகூர்த்தம் என்பது 48 நிமிடம், இரண்டு நாழிகை. அந்தர்முகூர்த்தம் அதற்கும் குறைந்தது. தவத்தில் முதிர்ந்தவரின் விழிப்பே இவ்வளவில் அலையுமானால், ஏழு வயதுப் பிள்ளை ஒரு மணி நேரம் அசையாமல் அமர்ந்து வகுத்தல் கணக்குப் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஆகமத்துக்கும் ஒவ்வாது, அனுபவத்துக்கும் ஒவ்வாது.

ஆகவே முதலில் மாற வேண்டுவது பாடத்தின் அளவு. பிள்ளையின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

அளவும் முறையும்

இங்கே கண்முன் நிற்கும் அணையைப் பாருங்கள். 1959ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் முதலமைச்சர் காமராசர் இதனைத் திறந்து வைத்தார். 71 அடி வரை நீர் தேக்கலாம். மேற்கே பாய்ந்து கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீர், 1895இல் நிறைவேறிய முல்லைப் பெரியாற்றுத் திட்டத்தால் மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களை வளப்படுத்திவிட்டு, வைகையோடு கலந்து இவ்வணைக்கு வருகிறது. இங்கிருந்து மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரை செல்கிறது.

அந்த நீர் ஒரே நாளில் திறந்துவிடப்படுவதில்லை. நீர் குறைவான காலத்தில் முறை வைத்து விடப்படுகிறது. இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு என்று அறிவிக்கிறார்கள். உழவர் அந்த அறிவிப்பை நம்பி நாற்று விடுகிறார்கள். முறை தவறினால் நம்பிக்கை போய்விடும். ஒவ்வொருவரும் கிடைத்த நீரைத் தம் வயலில் மறித்து வைத்துக்கொள்ளவே முயல்வர்.

பிள்ளைகள் தாமதிப்பதற்கு இதுவே பெருங்காரணம் எனலாம். நான்கு கணக்குப் போட்டால் விளையாடலாம் என்று தாய் சொல்கிறாள். பிள்ளை விரைந்து முடித்துவிட்டு எழுகிறது. ‘அதற்குள் முடித்துவிட்டாயா? அப்படியானால் இன்னும் நான்கு போடு’ என்கிறாள். தாயின் எண்ணம் நல்லதே. ஆனால் விரைவுக்குக் கிடைக்கும் கூலி மேலும் வேலை என்று பிள்ளை அன்றே கற்றுக்கொள்கிறது. மறுநாள் முதல் அது தன் நேரத்தை மறித்து வைத்துக்கொள்கிறது. பெரியவர்கள் அதனைச் சோம்பல் என்கிறார்கள். வாக்குத் தவறிய இடத்தில் முளைத்த தற்காப்பு அது.

எனவே முதல் நெறி: சொன்ன அளவைக் கூட்டாதிருத்தல். பாடம் முன்னதாக முடிந்தால் மிஞ்சிய நேரம் பிள்ளையுடையது. நேரம் முடிந்தும் பாடம் முடியாவிட்டால், புத்தகத்தை மூடிவிட்டு மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். பாடத்தை நேரத்தால் அளப்பதே நன்று.

அளப்பதற்குச் சமண இல்லத்தில் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. சாமாயிகத்துக்கு இரண்டு நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். அரை நாழிகை 12 நிமிடம். ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பாடத்துக்கு அரை நாழிகை போதும். பன்னிரண்டு வயது வரை ஒரு நாழிகை. அதற்கு மேற்பட்டோர், நடுவே எழுந்து உலாவ இடம் விட்டு, இரண்டு நாழிகை அமரலாம். ஒரு பாடம் எழுத்து என்றால் அடுத்தது வாய்ப்பாடமாக இருக்கட்டும். கை ஓய்ந்தபோது நாவும், நா ஓய்ந்தபோது கையும் உழைக்கும். இங்கிலாந்தில் வீட்டுக் கல்வியைப் பற்றி 1886இல் நூல் வெளியிட்ட சார்லட் மேசன் அம்மையாரும், எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டலாகாது என்றே வற்புறுத்தினார். குறுகிய நேரத்தை முழுக் கவனத்தோடு கழிக்கும் பழக்கமே தாமதத்துக்கு மருந்து என்பது அவர் கண்ட முடிவு.

சமூகம் முழுமையும் இதே வழியில் கற்பதை எண்ணிப் பாருங்கள். தசலட்சணப் பெருவிழாவில் தத்துவார்த்த சூத்திரத்தின் பத்து அத்தியாயங்களும் ஒரே நாளில் விளக்கப்படுவதில்லை. நாளுக்கு ஓர் அத்தியாயம். பெரியவர்க்கே அளந்து கொடுக்கப்படும் நூலைப் போலவே பிள்ளையின் பாடமும் அளந்து கொடுக்கப்படட்டும்.

இரண்டாம் நெறி: முன்னறிவிப்பு. வைகை அணையில் நீர் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. அதன் பிறகே உபரி நீர் வெளியேற்றப்படுகிறது. விளையாட்டில் மூழ்கியிருக்கும் பிள்ளையைத் திடுமெனக் கூப்பிட்டால் உடல் மட்டும் வரும். மனம் வாசலிலேயே நின்றுவிடும். பத்து நிமிடத்துக்கு முன் ஒரு சொல், ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு சொல், பிறகு அழைப்பு என்று வைத்துக்கொண்டால் பாதித் தாமதம் தொடங்குமுன்பே தீரும்.

மூன்றாம் நெறி: காலம். ஞானாசாரம் எட்டனுள் முதலாவது காலாசாரம். உரிய காலத்தில் ஓதுதல். இரவுண்ணாமை காக்கும் இல்லத்தில் மாலை உணவு கதிரவன் மறையுமுன் முடிந்துவிடும். பள்ளியிலிருந்து பசியோடு வந்த பிள்ளையை உணவுக்கு முன் உட்கார வைத்தால் கண் அடுக்களையில் இருக்கும். உணவு முடிந்த உடனே உட்கார வைத்தால் உறக்கம் வரும். உணவு, சிறிது விளையாட்டு, அந்தி வழிபாடு, அதன்பின் பாடம் என்னும் வரிசை பல வீடுகளுக்குப் பொருந்தும். சில பிள்ளைகளுக்கு விடியற்காலையே ஏற்றது. எதுவாயினும் நாள்தோறும் ஒரே வேளையாக இருத்தல் நன்று. ‘எப்போது தொடங்குவது’ என்ற வழக்கு அன்றாடம் எழாது.

தாமதம் எல்லாம் சோம்பல் அன்று

பவணந்தி முனிவர் அருளிய நன்னூலின் பாயிரம் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி முதலியவற்றோடு ஒப்பிட்டு வகைப்படுத்துகிறது. பசு தலைமாணாக்கர்க்கு உவமை. அது கண்டவிடத்துப் புல்லை வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தில் படுத்து அசைபோடும். அசைபோடும் பசுவைப் பார்ப்பவர் அது சும்மா கிடக்கிறது என்று நினைப்பர். அவ்வாறே, பென்சிலைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்க்கும் பிள்ளை சில வேளை அசைபோட்டுக்கொண்டிருக்கும். கடைமாணாக்கர்க்கு அந்நூல் கூறும் உவமைகளுள் ஒன்று எருமை. பல வீடுகளில் அந்தச் சொல் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது! ஆசிரியர் மாணாக்கரை அறிந்து கற்பிப்பதற்காகத் தரப்பட்ட வகைப்பாடு அது. வசைச்சொற்களின் பட்டியல் அன்று.

அணைக்கு வடக்கே தெரியும் பழனி மலைத்தொடரின் உச்சியில் கொடைக்கானல் இருக்கிறது. இத்தாலிய நாட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போரின் காரணமாகத் தாயகம் திரும்ப இயலாத நிலையில், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிச் சிறார்க்குக் கற்பித்தார். அவர் 1907இல் உரோமில் கண்ட நிகழ்ச்சி பலரும் அறிந்தது. மூன்று வயதளவான சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். சுற்றிலும் பிள்ளைகள் பாடினர். அவள் அமர்ந்திருந்த நாற்காலியையே மாண்டிசோரி தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் நிறுத்தவில்லை. 44 முறை செய்து, பிறகு தானே எழுந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு வேலையை முடிக்காமல் இழுப்பதுதான். உள்ளே நடந்ததோ ஆழ்ந்த ஒருமுகப்பாடு.

எனவே தாமதத்தைக் கண்டதும் அதட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடல் வேண்டும். பாடம் புரியவில்லையா? மிக எளிதாக இருந்து சலித்துவிட்டதா? பிழை வந்தால் ஏச்சு வரும் என்ற அச்சமா? கரும்பலகையோ புத்தகமோ கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லையா? காது கேட்பதில் குறையா? எழுத்துகள் மாறித் தோன்றும் இடர்ப்பாடா? பின்னவை மருத்துவரையும் சிறப்பாசிரியரையும் கொண்டு தீர்க்க வேண்டியவை. அவற்றை ஏச்சினால் தீர்க்க முயல்வது நோயாளியை அடிப்பதற்கு ஒப்பாகும். அருகில் அமர்ந்து பாடம் சொல்பவரின் கையில் கைப்பேசி ஒளிர்ந்துகொண்டிருந்தால், அதுவும் ஆராய வேண்டிய காரணமே.

பாடத்தைச் சொல்லும் வகையும் மாறலாம். சுவாத்தியாயம் ஐவகை: வாசித்தல், வினவுதல், சிந்தித்தல், பிழையின்றி ஓதுதல், பிறர்க்கு உரைத்தல். வீட்டுப் பாடத்தில் பெரும்பாலும் முதலாவதும் நான்காவதும் மட்டுமே நடக்கின்றன. பிள்ளை கேள்வி கேட்கட்டும். பெரியவர் விடை சொல்லட்டும். படித்ததைப் பாட்டிக்கோ தம்பிக்கோ பிள்ளையே எடுத்துரைக்கட்டும். தன்னிடம் கேட்க ஒருவர் காத்திருக்கிறார் என்றால், சன்னலருகே நிற்கும் கால்கள் தாமே திரும்பிவிடும்.

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அந்த இடைக்காலத்தில் ஒவ்வொரு வீடும் பள்ளியாயிற்று. ஒவ்வொரு தாயும் தந்தையும் ஆசிரியராயினர். இடைவெளியை நிரப்ப, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. மாலை 5 முதல் 7 மணிக்குள், நாளுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். பாட்டும் கதையும் விளையாட்டும் கலந்த பாடம். நெடுங்காலம் இழந்த கல்வியை மீட்கப் புகுந்தவர்களும் நேரத்தை நீட்டவில்லை, வகையைப் பெருக்கினர்.

கற்பிப்போர் காக்க வேண்டியவை

இனி மிக இன்றியமையாத செய்தி. அறிவை மறைக்கும் ஞானாவரணீய வினை எவ்வாறு வந்து சேர்கிறது என்பதைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. அறிவை உள்ளத்தில் வெறுத்தல், அறிந்ததை மறைத்தல், பொறாமையால் கொடாதிருத்தல், கற்பதற்கு இடையூறு செய்தல், அவமதித்தல், குறைகூறிச் சிதைத்தல் என்பன அதன் வாயில்கள். பிள்ளையைப் பாடத்தின்பொருட்டு அவமதிக்கும் பெற்றோர், தாம் கல்விக்குத் துணை செய்வதாக எண்ணுகின்றனர். பிள்ளை புத்தகத்தை வெறுக்கத் தொடங்குமானால், கற்பதற்கு இடையூறு செய்தவர் யார்? ஒரு பக்கம் முடியாமல் நின்றதா, அந்தப் பக்கத்தின் பேரால் சொல்லப்பட்ட சுடுசொல்லா, இவற்றுள் பெரிய இழப்பு எது?

இந்த அணையில் பல்லாண்டுகளாக வண்டல் படிந்துள்ளது. நீர்மட்டம் 71 அடி என்று காட்டினாலும், அடியில் வண்டல் நிறைந்த அளவுக்கு உண்மையில் நீர் குறைவு. மதிப்பெண் பட்டியலும் அத்தகைய அளவுகோலே. அதட்டி வாங்கிய மதிப்பெண் மேலே நிறைந்து தெரியும். கீழே படிந்த கசப்பு எவர் கண்ணுக்கும் படாது.

ஆகவே சிலவற்றை அறவே விலக்குதல் நலம். அண்ணனோடும் அயல்வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடுதல் ஒன்று. அது பொறாமையை விதைப்பது. ‘உனக்கு எழுத்தே வராது’ என்று முத்திரை குத்துதல் மற்றொன்று. வினையின் மறைப்பு விலகிக் குறைவதும் அடங்குவதும் உயிர்தோறும் வேறுபடும் என்று நம்புவோர் அவ்வாறு கூறலாகாது. மூன்றாவது மிக முக்கியமானது: தாமதித்ததற்குத் தண்டனையாகப் பஞ்ச நமஸ்காரத்தை நூற்றெட்டு முறை எழுதச் சொல்லுதல். மந்திரம் அடைக்கலமாக இருக்க வேண்டியது. தண்டனையாகக் கற்ற மந்திரத்தை வளர்ந்த பின் எவரும் விரும்பி ஓதார்.

கண்டிப்பே வேண்டாவா என்று கேட்கலாம். வேண்டும். பாட நேரத்தைக் கதை பேசிக் கழித்தால் விளையாட்டு நேரம் அந்த அளவுக்குக் குறையும் என்பதை முன்பே சொல்லி, சினமின்றி நிறைவேற்றுதல் கண்டிப்பு. தன் செயலின் பயனைத் தானே துய்க்கக் காண்பது வினைக்கொள்கையின் முதற்பாடமும் ஆகும். அங்கே உரத்த குரலுக்கு வேலை இல்லை.

சுருத பஞ்சமி நாளில் நினைக்கப்படும் வரலாறு இவ்விடத்துக்கு மிகவும் பொருந்தும். கிர்நார் மலையின் சந்திர குகையில் வாழ்ந்த தரசேன ஆசாரியர், தம்மோடு ஆகம அறிவு மறைந்துவிடலாகாது என்று கவன்று, கற்பிக்கத் தக்க இருவரை அழைப்பித்தார். வந்தவர்களைச் சோதிக்க ஒருவருக்கு ஓர் எழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவருக்கு ஓர் எழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்தார். உபவாசமிருந்து ஓதியபோது, ஒருவர்முன் பல் நீண்ட தேவதையும், மற்றவர்முன் ஒற்றைக் கண் தேவதையும் தோன்றின. தேவதைகளுக்கு இவ்வுருவம் இயல்பன்று என்று உணர்ந்த இருவரும், பிழை மந்திரத்தில் உள்ளது என்று கண்டு, தாமே திருத்தி ஓதினர். ஆசாரியர் காலம் குறைவு என்று அறிந்தவர். ஆயினும் அவர்களை விரட்டவில்லை. பிழையைத் தாமே காணும்வரை காத்திருந்தார். அவ்விருவரே புஷ்பதந்தரும் பூதபலியும். ஷட்கண்டாகமம் அவர்களால் நூலாயிற்று. அவருள் பூதபலி பின்னர்த் தமிழகம் போந்தார் என்று தவளா உரை கூறுகிறது.

கற்பிப்போர்க்கு அதில் ஓர் உவமையும் கிடைக்கிறது. எழுத்து மிகுந்தாலும் உருவம் கோணும், குறைந்தாலும் கோணும். பாடம் அளவுக்கு மிஞ்சினாலும் பிள்ளை முகம் கோணுகிறது. அளவுக்குக் குறைந்து சலித்தாலும் கோணுகிறது. கோணிய முகத்தைக் கண்டால், முதலில் கொடுத்த பாடத்தைத் திருத்திப் பார்ப்பதே அறிவுடைமை.

சான்றோர்களே! தசலட்சணத்தின் முதல் நாள் உத்தம க்ஷமை. விழாவின் நிறைவு க்ஷமாவாணி. அன்று உறவினரையும் நண்பரையும் தேடிச் சென்று பொறுத்தருள வேண்டுவது வழக்கம். அந்த வரிசையில் வீட்டிலுள்ள ஏழு வயதுப் பிள்ளை பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஆண்டு முழுவதும் பாடத்தின் பேரால் சுடுசொல் கேட்டது அதுதான். இவ்வாண்டு பெற்றோர் அப்பிள்ளையின் எதிரே அமர்ந்து, பொறுத்துக்கொள் என்று ஒரு சொல் கூறட்டும். மறுநாள் மாலை, அரை நாழிகை அளந்து, புத்தகத்தைத் திறக்கட்டும்.

வாழ்க அறம்! வளர்க ஜினவாணி!